மோரிஸ் மைனரில் கடைசி மூச்சு

டெலிபோன் அலறியது.

ஜெயகரன் உடனே எடுக்கவில்லை. இன்னும் நாலு தடவை அலறட்டும் என்று விட்டான்.

காலையிலிருந்து இந்த மணிச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தான். டிராயிங் போர்டில் ஒரு கோடுகூட விழவில்லை. பென்சில் மட்டும் பாதியாகச் சீவப்பட்டிருந்தது.

எடுத்தான்.

"ஹலோ... டிசைன் செக்ஷன்."

"மிஸ்டர் ஜெயகரன்?"

"ஸ்பீக்கிங்."

"அல்வால் ஸ்டேஷன்லேர்ந்து இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி பேசறேன். நீங்க தமிழ்தானே? உடனே கிளம்பி வீட்டுக்கு வாங்க."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

"ஒரு டெத்."

ஜெயகரன் கண்களை மூடிக்கொண்டான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது.

பயமில்லை... சந்தோஷம்!

"யாரு சார்...?" குரல் தேவையான அளவுக்குத் தழுதழுத்தது.

"போன்ல வேணாம். வாங்க."

விஷயம் கேள்விப்பட்ட சீஃப் இன்ஜினீயர் தன் ஜீப்பையே கொடுத்தார். டிரைவர் தெலுங்கில் ஆறுதல் சொல்லிக்கொண்டே ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி கேட்டைத் தாண்டினான். மே மாத வெயிலில் தார் ரோடு உருகியது.

ஜெயகரன் முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டான்.

உள்ளே சிரித்தான்.

கல்யாணமாகிப் பத்து வருஷம். லோயிஸ் டீச்சர், அமைதியானவள். அல்வாலில் இருந்த வீடு அவள் பெயரில். வீட்டின் பின்னால் ஷெட். ஷெட்டுக்குள் ஒரு பழைய மோரிஸ் மைனர். கன்டோன்மென்ட்டை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவள் அப்பா யேசுதாஸ் ஆசைப்பட்டு வாங்கியது. அவர் போனபிறகு டயர் தரையோடு அமுங்கிக் கிடந்தது.

இந்த அமைதிக்கு நடுவில் வந்தாள் நீலா. அவன் செக்ஷனின் புது ஸ்டெனோ.

"எத்தனை நாளைக்கு இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு?" என்று கேட்டாள்.

ஜெயகரன் லோயிஸிடம் போய் நீலாவைப் பற்றிச் சொல்லி விவாகரத்து கேட்டான்.

"மரணம் பிரிக்கும் வரைக்கும்னு சர்ச்சுல சொன்னீங்க," என்றாள் அவள். "நான் இன்னும் சாகலையே!"

அவள் அதை வருத்தமாகச் சொன்னாள். அவன் அதை யோசனையாக எடுத்துக்கொண்டான்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறந்தான்.

"உங்கப்பா காரை நானே ரெடி பண்ணப் போறேன் லோயிஸ். அல்வாலே திரும்பிப் பார்க்கணும்!"

பழைய எஞ்சின் வெளியே வந்தது. ராணிகஞ்ச் ஸ்பேர்ஸ் கடையில் பிடித்த ஜப்பான் எஞ்சின் உள்ளே போனது. டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்தது. கண்ணாடி சுற்றும் பிடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, துபாய் நண்பன் கொடுத்த பவர் விண்டோவைப் பொருத்தினான். பிறகு சென்ட்ரல் லாக்கிங்.

கடைசியில் ஏசி.

ஏசிக்காக டாஷ்போர்டை வெட்டவேண்டியிருந்தது. லோயிஸ் ஓடிவந்து ஹாக்ஸா பிளேடைப் பிடித்துக்கொண்டாள்.

"நக்கோங்க, வேணாங்க! அப்பா தினமும் துடைச்சு துடைச்சு வெச்ச டாஷ்போர்டு... அதை மட்டும் விட்டுடுங்க!"

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். அவள் கண்ணெதிரிலேயே அறுத்தான். மெதுவாக. தகடு கிறீச்சிட்டபோதெல்லாம் அவள் உடம்பு துடிப்பதைப் பார்த்தான்.

அன்றைக்கு அவனுக்கு நல்ல தூக்கம் வந்தது.

புதிய வேலைகளிலேயே அழகான வேலை ஒன்று இருந்தது. அதை அவன் லோயிஸிடம் காட்டவில்லை. ஏசி ஓடினால் எக்ஸாஸ்ட் புகை வெளியே போகாது. காருக்குள் வரும்! ஏசி ஓட ஆரம்பித்ததும் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். கண்ணாடி இறங்காது. சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடிகள் குரோமியத்தில் பளபளத்தன.

எதனோடும் இணைக்கப்படாமல்!

போலீஸ் கேட்டால்? கேட்கட்டும். பாதி வேலை முடிந்த கார். கைப்பிடி மாட்டி முடிக்கவில்லை. எக்ஸாஸ்ட் சரியாக இல்லை. அவசரப்பட்டு உட்கார்ந்துவிட்டாள், பாவம்!

ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது.

இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னான்.

"சமையல் முடிஞ்சதும் காரை ஸ்டார்ட் பண்ணி, உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஏசி ஓட விடு லோயிஸ். பேட்டரி சார்ஜ் ஆகணும்."

"ஹவ், சரிங்க," என்றாள் லோயிஸ். அவ்வளவுதான்.

நீலா இன்று லீவ். அதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. அவளிடம் அவன் இந்தத் திட்டத்தைச் சொல்லியிருக்கவில்லை. அடுத்த மே மாதம் அந்த முன் சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள்... ஊட்டி ரோட்டில்...

ஜீப் நின்றது.

வீட்டு வாசலில் கூட்டம். ஜெயகரன் குதித்தான். யாரையும் பார்க்காமல் ஓடினான்.

ஹாலில் பாய். பாயின் மேல் வெள்ளைத் துணியால் தலைவரை மூடிய உடம்பு.

"லோயிஸ்...!"

முழங்காலில் விழுந்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"அந்தக் கார்ல உட்காராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எக்ஸாஸ்ட் லீக்காகுது, ஏசி போடாதேன்னேனே! கேட்டியா நீ! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே லோயிஸ்!"

கண்ணீர் நிஜமாகவே வந்தது. அவனுக்கே ஆச்சரியம்!

"மிஸ்டர் ஜெயகரன்."

நிமிர்ந்தான். ஜன்னலோரமாக இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி. லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். தொப்பியைக் கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"சார்... என் ஒய்ஃப் சார்..."

"அது இருக்கட்டும். கார்லதான் செத்தாங்கன்னு யார் சொன்னாங்க?"

ஜெயகரனின் கண்ணீர் பாதி கன்னத்தில் நின்றது.

"நீங்கதானே சார்... போன்ல..."

"நான் டெத்னு மட்டும்தான் சொன்னேன்."

"வாசல்ல சொன்னாங்க சார். பக்கத்து வீட்டுக்காரங்க..."

"நீங்க ஜீப்லேர்ந்து குதிச்சதை இந்த ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன். ஒருத்தர்கிட்டயும் பேசலை." இன்ஸ்பெக்டர் விசிறுவதை நிறுத்தினார். "போகட்டும். லோயிஸ்னு யார் சொன்னாங்க?"

"சார்...?"

சமையலறைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

"இன்ஸ்பெக்டர் சார்... காபிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

ஜெயகரன் திரும்பினான்.

லோயிஸ்!

கையில் டவரா. அழுது வீங்கிய கண்கள். உயிரோடு!

அவன் வெள்ளைத் துணியை விலக்கினான்.

நீலா.

கன்னங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன, தூங்குகிறவளைப் போல. கைகள்தான் வேறு கதை சொல்லின. ஒரு நகம்கூட முழுசாக இல்லை.

ஜெயகரன் கத்த வாய் திறந்தான். காற்றுதான் வந்தது.

"சார்! மெக்கானிக் கூப்பிடறாரு!" ஷெட் பக்கமிருந்து கான்ஸ்டபிள் குரல் கொடுத்தார்.

"எங்கேயும் போயிடாதீங்க," என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பின்வாசலுக்குப் போனார்.

லோயிஸ் டவராவை மேஜையில் வைத்தாள். அவனருகில் வந்து உட்கார்ந்தாள். பார்க்கிறவர்களுக்கு அவள் புருஷனைத் தேற்றுவது போலத்தான் இருந்தது.

"நான்தாங்க நேத்து அவளுக்கு போன் பண்ணேன்." காதோடு சொன்னாள். "'அவரை நீயே வெச்சுக்கோம்மா, நேர்ல வா, பேசிக்கலாம்'னேன். பாவம், புதுப் புடவை கட்டிட்டு வந்தா."

"லோயிஸ்..."

"காரைப் பார்க்கணும்னு சொன்னா. 'முன் சீட் எனக்குத்தான்னு சொல்லியிருக்காரு'ன்னு சிரிச்சா. உட்காரும்மா, வெயிலா இருக்கு, ஏசி போட்டுக்கோன்னு சாவியைக் கொடுத்தேன்."

"உனக்கு... எப்படி..."

"போன வாரம் நான் சர்ச்சுக்குப் போயிட்டேன்னு நினைச்சு, நம்ம நாய் ஜிம்மியைக் காருக்குள்ளே விட்டுப் பூட்டினீங்களே... குடையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். அது கண்ணாடியைப் பிறாண்டிட்டே இருந்துச்சு. நீங்க வாட்சைப் பார்த்துட்டே இருந்தீங்க. அப்புறம் பாம்பு கடிச்சிருச்சுன்னு சொல்லி நீங்களே குழி வெட்டுனீங்க."

ஜெயகரன் பின்வாசல் பக்கம் பார்த்தான்.

"இவளும் அதே மாதிரிதான் பிறாண்டினா," என்றாள் லோயிஸ். "கிச்சன் ஜன்னல்லேர்ந்து நல்லாத் தெரிஞ்சுது. சத்தம் கேட்கலை. மிக்ஸி போட்டிருந்தேன்."

அவன் உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது.

"சார்ர்ர்...!"

அலறினான். இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"இவதான் சார் கொன்னது! கைப்பிடி வேலை செய்யாது, ஏசி போட்டா கதவு பூட்டிக்கும், புகை உள்ளே வரும், எல்லாம் இவளுக்குத் தெரியும் சார்! தெரிஞ்சேதான் நீலாவை உட்கார வெச்சா!"



லோயிஸ் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

"இவ்வளவும் மெக்கானிக் இப்பதான், காருக்கடியில படுத்துத் தேடிக் கண்டுபிடிச்சுச் சொன்னாரு," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "காலையில உங்க ஒய்ஃபைத்தான் காருக்குள்ளே உட்காரச் சொல்லிட்டுப் போனீங்களாமே? உங்களுக்கு இதெல்லாம் எப்பத் தெரியும், மிஸ்டர் ஜெயகரன்?"

ஜெயகரன் லோயிஸைப் பார்த்தான்.



  அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதைத்தான் இப்போது செய்து முடித்திருந்தான்... ஊர் முன்னால், உரக்க!

விலங்கு 'க்ளிக்' என்றது.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் லோயிஸ். "அவரோட ஒரு வார்த்தை..."

இன்ஸ்பெக்டர் இரக்கத்தோடு ஒதுங்கி நின்றார்.

அவள் புருஷனின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். நெற்றி வியர்வையைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். எட்டி நின்று பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"உடம்பைப் பார்த்துக்கோங்க," என்றாள் மெதுவாக. "ஜெயில்ல ஏசி இருக்காதுங்க... ஆனா, காத்து வரும்!"