மூன்றாவது காப்பு

"வீ...ல்!"

வரவேற்பு மேசைப் பெண் போட்ட அலறலில் அந்தக் கம்பி சோதனைக் கூடத்தின் கண்ணாடிகள் ஒரு தரம் அதிர்ந்து ஓய்ந்தன.

காலை ஒன்பதே கால்.

சர்வர் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. நடுவே இரண்டு கால்கள். ஒன்றில் செருப்பு இருந்தது. மற்றதில் இல்லை.

பெரியவர் வேகமாக வந்தார். எழுபத்து நாலு வயது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல முதுகு இன்னும் நிமிர்ந்திருந்தது. கூடத்தின் முதலாளி. அவருடைய அப்பா ஆரம்பித்தது. 'இந்தக் கம்பி தேறியது' என்று இவர்கள் முத்திரை குத்தினால்தான் ஊரில் கட்டடம் எழும்பும்.

குனிந்து பார்த்தார்.

ஒயர்!

நெட்வொர்க் வேலைக்கு வந்துகொண்டிருந்த இளைஞன். கழுத்தில் எப்போதும் நீல ஒயர்ச் சுருளை மாலை மாதிரி போட்டிருப்பான். அதனால் அந்தப் பெயர். இன்றும் போட்டிருந்தான்.

நீலம்தான் சிவப்பாகியிருந்தது...

தலைமாட்டில் ஒரு முழக் கம்பி. சோதனைக்கு வந்த கம்பி.

ஹாலின் மூலையில் பிரிண்டர் மட்டும் எதுவும் நடக்காதது போல சிவப்பு விளக்கைச் சிமிட்டியபடி, 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டிருந்தது.

*

"அது ஏம்மா கத்துது?" இன்ஸ்பெக்டர் காதைக் குடைந்தார்.

"பேப்பர் மாட்டிக்கிச்சு சார். வாங்கினதுலேர்ந்து அப்படித்தான். எடுத்தா மறுபடி மாட்டும்."

"கத்தட்டும். கைரேகை எடுக்கற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

பெரியவருடைய மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவருக்கு மூன்று வாரம் முந்தைய ஒரு காலைப்பொழுது ஞாபகம் வந்தது. இதே ஹால். இதே மூவர், கூட உயிரோடு ஒயர்.

"ஐயா, மூணு முடிவு எடுக்கணும்" என்றான் ஒயர். "சர்வர், பேக்கப், பிரிண்டர்."

"தமிழ்ல சொல்லு."

"சர்வர் வந்துங்கய்யா... சர்வர்தான்."

"அதை விடு. பேக்கப்?"

ஒயர் தலையைச் சொறிந்தான். "எது போனாலும் காப்பாத்தறது... காப்புன்னு சொல்லலாமா?"

"பலே! காப்பு. இனிமே இந்தக் கூடத்துல எவனும் பேக்கப்னு சொல்லக் கூடாது."

மகன் வாய்விட்டுச் சிரித்தான். "ஏம்ப்பா, கைக்குப் போடறதா, காலுக்குப் போடறதா?"

மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "சர்வர்ல ரெண்டு டிஸ்க் இருக்கே, ஒண்ணு கெட்டா இன்னொண்ணு ஓடும்கறீங்க. அப்புறம் காப்பு எதுக்கு?"

"ஒரு ரிப்போர்ட்டை யாராவது அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்து அழியும் சார். அதுக்குத்தான். தினம் ஒரு தடவை தனியா எடுத்து வெக்கணும். பழைய நாளோடதைத் தொடக் கூடாது. சர்வர்ல இருக்கறது ஒண்ணு. இங்க அலமாரில ஒண்ணு. மூணாவது, இந்தக் கட்டடத்துக்கே வெளியில."

"வெளியிலன்னா? இன்டர்நெட்லயா?" பெரியவரின் புருவம் ஏறியது. "எங்க குடும்பத்துச் சமாச்சாரம் ஊரான் மிஷின்ல போய்ப் படுத்துத் தூங்கறதா? மூணாவது எங்கேன்னு உன்கிட்ட மட்டும் தனியா சொல்றேன். நீயும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"வாக்குங்கய்யா."

பிரிண்டரில்தான் தகராறு. ஒயர் காட்டியது பெரிசு. பார்க்க அசிங்கம். "ஆனா மாடு மாதிரி உழைக்கும்" என்றான். மகன் காட்டியது வெள்ளை வெளேரென்று, கைக்கடக்கமாக, ரொம்ப அழகு.

"அதுல தாள் மாட்டும் சார்."

"மாட்டினா பிடுங்கிட்டாப் போச்சு! நீ ஒயரைச் சொருகற வேலையப் பாருய்யா."

பெரியவர் அன்றைக்கு மகனுக்கு விட்டுக்கொடுத்தார்.

வாழ்க்கையில் அவர் விட்டுக்கொடுத்தது ரொம்பக் குறைவு. எல்லாம் மகனுக்குத்தான்.

*

இன்ஸ்பெக்டர் ஒரு சின்னச் சீட்டை விரித்தார்.

"செத்தவன் பாக்கெட்ல இருந்தது. படிக்கறேன். 'மூணாவது காப்பு... பெரியவர் பீரோ.' ஐயா, உங்க பீரோல தங்கக் காப்பு எத்தனை இருந்தது?"



பெரியவருக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. காப்பு... தங்கக் காப்பாம்!

"என் வீட்ல எந்த நகையும் காணாமப் போகல."

"நல்லாத் தேடிப் பாருங்க. பையன் ரெண்டை அமுக்கிட்டான். மூணாவதுக்கு நாள் பாத்திருக்கான். கூட்டாளியோட தகராறு... மண்டையில ஒரே போடு! அப்புறம், சர்வர்ல இந்த வருஷ ரிப்போர்ட்டெல்லாம் காலியாம். அலமாரில ஒரு டிஸ்க்கும் காணோமாம். குழப்பறதுக்குச் செஞ்சிருப்பான்."

யாரும் அவரைத் திருத்தவில்லை. மகனின் பார்வை மட்டும் பெரியவரின் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது.

"இந்தக் கம்பில கட்டியிருக்கற சீட்டு யார் கையெழுத்து?"

"எ... என்னோடது" என்றார் மாப்பிள்ளை. "சோதனை பண்றது நான்தான்."

"நேத்து இவர்தான் ஒயரைத் திட்டினார் சார்" என்றான் மகன், பட்டென்று. "'என் ரிப்போர்ட்டை நீ எதுக்குய்யா திறந்து பாக்கற'ன்னு..."

"மச்சான்! அது... பழைய சர்வர்லேர்ந்து புதுசுக்கு மாத்தும்போது..."

"மீதியை ஸ்டேஷன்ல சொல்லுங்க." இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

ஜீப் புறப்பட்டது.

பிரிண்டர் கத்தியது. கீ... கீ...

*

வீட்டில் பெரியவரின் மகள் கூடத்துத் தூணாய் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவர் கையில விலங்கு போடலையாமே? உங்க மரியாதைக்காக விட்டாங்களாமே?"

"அம்மா..."

"பதினோரு வருஷமா உங்க முத்திரைக்கு ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிட்டவர்ப்பா. அவரைக் கூட்டிட்டுப் போகும்போது நீங்க வாயத் திறக்கல. அண்ணனா இருந்தா இப்படி நின்னிருப்பீங்களா?"

பெரியவர் தன் அறைக்குள் போய்த் தாழிட்டார். பீரோவில் வேட்டிகளுக்குக் கீழே கை விட்டார்.

உள்ளங்கை அகல டிஸ்க். சில்லென்று இருந்தது.

'எடுத்து வெக்கறது பெரிசில்லீங்கய்யா. திரும்பி வருதான்னு பாக்கறதுதான் பெரிசு' என்று சொல்லி, திறந்து பார்க்க ஒயர்தான் கற்றுக்கொடுத்திருந்தான். திரை என்றாலே அவருக்கு ஆகாது. எதையும் தாளில்தான் படிப்பார். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தார்.

நாற்பது வீடுகள் கொண்ட ஒரு புதுக் குடியிருப்பின் கம்பி.

பதினாறாம் தேதிக் காப்பில்: தேறவில்லை.

பதினேழாம் தேதிக் காப்பில்: தேறியது!

அதே கம்பி. அதே மாப்பிள்ளை கையெழுத்து. எண்கள் மட்டும் வேறு.

கடைசியாகத் திருத்தியவர் பெயரைப் பார்த்தார்.

அவருடைய அப்பாவின் பெயர்!

கூடத்தின் வாசல் பலகையில் இருக்கும் பெயர். முத்திரையில் இருக்கும் பெயர். ஆசை ஆசையாய்த் தன் மகனுக்கு அவர் வைத்த பெயர்...

பெரியவர் வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு முதல் முறையாக வளைந்தது. அப்புறம் மெல்ல நிமிர்ந்தது.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார்.

*

பிற்பகல் மூன்று மணி.

போலீஸ் காலையிலேயே தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தது. சர்வர் அறைக்கு மட்டும் சீல். ஊழியர்களுக்கு விடுமுறை. ஹாலில் பெரியவரும், கம்பியை இழுத்தும் நசுக்கியும் சோதிக்கும் ராட்சத நசுக்கு மிஷினும், ஓயாத பிரிண்டரும்தான்.

கீ... கீ...

மகன் உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான்.

"அப்பா, அதைக் கொடுத்துடுங்க."

"எதை?"

"விளையாடாதீங்க. மூணாவது. அந்த இன்ஸ்பெக்டருக்குத்தான் காப்புன்னா தங்கம். எனக்குமா தெரியாது?"

"கொடுத்தா மாப்பிள்ளை?"

"அவர் நம்ம ரத்தமா என்ன?"

"உன் தங்கச்சி?"

"நாளாக ஆகச் சரியாகிடுவா. எது நடந்தாலும் நம்ம பேரு வெளியில வரக் கூடாதுப்பா. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

பெரியவர் கண்களை மூடித் திறந்தார். சுருக்கென்று குத்தியது. சொல்லிக் கொடுத்ததுதான்!

"ஏன்டா மாத்தினே?"

"என் பொண்ணுக்கு மாமனாராகப் போறவரோட கட்டடம். வீடு தேடி வந்து கேட்டாரு. எப்படி முடியாதுங்கறது?"

"நாப்பது குடும்பம் குடியேறப் போகுது..."

"கட்டடம் இன்னும் விழலையேப்பா!"

பெரியவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

"ஒயர் என்ன பண்ணினான் உன்னை?"

"எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டான். உங்ககிட்ட சொல்லுவேன்னு ஒத்தைக்கால்ல நின்னான். சரி, மூணாவது எங்கேன்னாவது சொல்லுடான்னேன். 'பெரியவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், செத்தாலும் சொல்ல மாட்டேன்'னான்..."

"சொன்னபடி செஞ்சான்" என்றார் பெரியவர்.

"கம்பி கைக்கெட்டற தூரத்துல இருந்தது. நான் நினைச்சா செஞ்சேன்? இப்ப அதெல்லாம் எதுக்கு? கொடுங்க!"

பெரியவர் மடியில் இருந்த துண்டை அவிழ்த்தார். டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

மகன் பறித்தான். நசுக்கு மிஷினின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்தான். பட்டனை அழுத்தினான்.

உர்ர்ர்ர்...

எத்தனையோ பொய்க் கம்பிகளைக் காட்டிக்கொடுத்த மிஷின். மேல் தட்டு நிதானமாக இறங்கியது.

படீர்!

டிஸ்க் அப்பளமாய் நொறுங்கியது. மகன் மூச்சை விட்டான்.

"அவ்வளவுதான். மூணும் போச்சு. தேங்க்ஸ்ப்பா. மானத்தைக் காப்பாத்திட்டீங்க."

கீ... கீ... கீ...

"அந்தச் சனியன் சத்தம் தாங்கலப்பா!"

"நீ ஆசைப்பட்டு வாங்கினதுதானே."

மகன் விருட்டென்று போனான். மூடியைத் திறந்தான். சுருண்டு சிக்கியிருந்த தாளைப் பிடித்து வெறியோடு இழுத்தான்.

பிடுங்கிட்டாப் போச்சு!

சத்தம் நின்றது.

ஒரு விநாடி.

இரண்டு விநாடி.

கர்ர்ர்... சரக்!

ஒரு தாள் வந்து விழுந்தது. 'தேறவில்லை.'

சரக்! இன்னொன்று. 'தேறியது.'

"எ... என்ன இது? நான் எதுவும் அடிக்கலையே!"

சரக்! மூன்றாவது. பெரியவர் எட்டி எடுத்தார். தலைப்பில் இன்றைய தேதி. காலை 8.40. அவர் உரக்கப் படித்தார்.

"'ஐயா, திரையில் காட்டினால் படிக்க மாட்டீர்கள் என்று அச்செடுக்கிறேன். இரண்டு ரிப்போர்ட்டையும் பாருங்கள். உங்கள் மகன் இப்போதுதான் உள்ளே வருகிறார். அவரிடமே கேட்டுவிடுகிறேன். ஒயர்.'"

மகன் வெளிறிப்போனான். வெள்ளைப் பிரிண்டருக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"கா... காலையிலேர்ந்து இது உள்ளேயே இருந்ததா?"

"தாள் மாட்டும்னு அவன்தான் சொன்னானே" என்றார் பெரியவர்.

மகன் பாய்ந்தான். தாளை நோக்கியா, அப்பாவை நோக்கியா... தெரியவில்லை. தெரிவதற்குள் கம்பிகள் அடுக்கும் அறையின் கதவு திறந்தது.

"அப்படியே நில்லுங்க சார்."

இன்ஸ்பெக்டர்! பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களுக்கும் பின்னால், கசங்கிய சட்டையோடு மாப்பிள்ளை.

"இவ்வளவு நேரம் நீங்க பேசினது எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தோம். பிரிண்டர் பேசினதையும் சேர்த்து. அது எங்களுக்கே தெரியாத சாட்சி!"

"எ... எந்த ஆதாரமும் கிடையாது! டிஸ்க்..."

"நீங்க நசுக்கினது வெறும் டிஸ்க். ஒயரோட பையிலேர்ந்து எடுத்தது. நிஜம் பகல் பன்னெண்டு மணிக்கே என் மேசைக்கு வந்தாச்சு. பெரியவர் தன் கையாலேயே கொண்டுவந்து வெச்சார். அந்தக் குடியிருப்புக்கு ஆள் போயிருக்கு, யாரும் குடியேறாம நிறுத்த."

மகன் திரும்பினான். அவன் கண்ணில் இப்போது கோபமில்லை. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்தப் பார்வை.

"அப்பா... நீங்களா? நம்ம பேரு..."

"பேரு என் அப்பாவோடது. உனக்கு இரவல் கொடுத்தேன். திருப்பி வாங்கிக்கிட்டேன்."

பெரியவர் மாப்பிள்ளையிடம் போனார். யாருக்கும் குனியாத தலை கொஞ்சமாய்க் குனிந்தது.

"மாப்பிள்ளை, காலையில நான் வாய் திறந்திருக்கணும்."

"விடுங்க மாமா..."

"விடறதுக்கில்ல. நாளைக்கு ஒயர் வீட்டுக்கு நாம ரெண்டு பேரும் போகணும். அவங்க என்ன சொன்னாலும் நின்னு கேட்டுக்கணும்."

'டக்... டக்...' என்று இரண்டு சத்தம். மகனின் மணிக்கட்டுகளில் இரும்பு பளபளத்தது.

கான்ஸ்டபிள் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் வாசலில் நின்று கத்தினான்.

"பெத்த பிள்ளைக்கு எதிராவே பேக்கப் எடுத்து வெச்சீங்களாப்பா?"

பெரியவர் அவன் கைகளைப் பார்த்தார்.

"பேக்கப்னு சொல்லாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது? காப்பு! கைக்கா, காலுக்கான்னு கேட்டியே... கைக்குத்தான்!"