பக்கத்துக் கட்டில் அக்கா

"ரம்பத்தைக் குடுங்க சிஸ்டர்! டாக்டர் வராம மாவுக்கட்டைப் பிரிச்சு என் வேலைக்கு உலை வைக்காதீங்க!"

"போனா என் வேலையும் சேர்ந்துதான் போகும். நகருங்கண்ணே."

கட்டுப் போடுகிறவர் நகர்ந்தார். நர்ஸின் கையில் ரம்பம் அலறியது. வெள்ளைத் தூள் பறந்தது.

கட்டிலில் பதினோரு வயதுச் சிறுமி. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. காலையில் போட்ட கட்டு. இரண்டு ஊசிக்கும் வலி அடங்கவில்லை. பெருவிரலை லேசாக நிமிர்த்தினாலே துடித்தாள். உள்ளே கால் வீங்குகிறது, கட்டு இடம் கொடுக்கவில்லை. தாமதித்தால் கால் போய்விடும். டாக்டரோ, "பசங்கன்னா அழத்தான் செய்யும்" என்று போனை வைத்துவிட்டார்.

கட்டு பிளந்தது.

"போதும் சிஸ்டர்," என்றார் கட்டுப் போடுகிறவர்.

"பஞ்சையும் வெட்டணுமாம்," சிறுமி முனகினாள். "தோல் தெரியற வரைக்கும்."

"யாரும்மா சொன்னது?"

"பக்கத்துக் கட்டில் அக்கா. காலையிலேர்ந்து என் விரல் நகத்தை அழுத்தி அழுத்திப் பார்க்கறாங்க. 'வாயை மூடாதே, கத்து'ன்னாங்க."

இருட்டில் கிடந்த பக்கத்துக் கட்டிலில் மெத்தைகூட இல்லை.

வெறும் இரும்பு.

அது கிரீச்சிட்டது. யாரோ புரண்டு படுத்தது போல.

கட்டுப் போடுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நர்ஸ் நிமிரவே இல்லை. கத்தரியைச் செருகினாள். பஞ்சு அறுந்தது. வெளுத்துக் கிடந்த விரல்களில் மெல்லச் சிவப்பு ஏறியது.

வாசலில் டாக்டர்.

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

"காலைக் கேட்டு, டாக்டர்."

அவர் குனிந்து விரலைத் தொட்டார். நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார்.

சிறுமி நர்ஸின் கையைச் சுரண்டினாள். "சிஸ்டர், உங்க கால் இப்ப நல்லாயிருக்கான்னு அக்கா கேக்கறாங்க."

கத்தரி கீழே விழுந்தது.

தன் காலிலிருந்த தழும்பை நர்ஸ் யாருக்கும் காட்டியதில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், இதே வார்டில், வலியைச் சொல்லப் பயந்து வாய்மூடிக் கிடந்தவள் அவள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பதினைந்து வயது அக்காதான் கத்திக் கத்தி இவள் கட்டைப் பிரிக்க வைத்தாள். இவ்வளவு கத்துகிறவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று அந்த அக்காவின் கட்டை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் அந்தக் கட்டில் காலி.

"நல்லாயிருக்குக்கா," என்றாள், இன்னும் பதினைந்தே வயதான அந்த இருட்டிடம். "இனிமே இங்க யாரு கத்தினாலும் நான் பிரிப்பேன்."

அவள் ஷூவுக்குள், பெருவிரல் நகத்தை யாரோ மெல்ல அழுத்திப் பார்த்தார்கள்.