கடைசிக் கல்

கதையை நிறுத்திய பிறகும் கல் அடுக்கும் சத்தம் நிற்கவில்லை.

அம்புஜவல்லி காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். டக். ஈர மண்ணைப் பூசும் வழவழ ஓசை. மறுபடி டக். இவ்வளவு நேரமும் அதைக் கதையில் வரும் சத்தம் என்றே நினைத்திருந்தாள். கதையில், கோட்டைக்குள் நுழைந்த ஒற்றனைச் சுரங்கத்திலேயே வைத்து எதிரிகள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ராஜா காலத்துக் கதை என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். சூளைக்குள் பீங்கான் பொம்மை அடுக்குவதில் கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே கிடக்கிறது! பின்மூலையில் சாய்ந்திருந்த அடுக்கு ஒன்றைச் சரிசெய்யக் குந்தியவள், கதை சுவாரசியத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எட்டிப் பார்த்தாள். சூளை வாசலில் மார்பு உயரத்துக்குச் செங்கல் ஏறியிருந்தது.

"பக்கிரி அண்ணே! நான் உள்ளதான் இருக்கேன்!"

வெளியே மண் அரைக்கும் மில் இரைய ஆரம்பித்தது, அவள் குரல் அதில் அமுங்கிப்போனது. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தீ மூட்டுமுன் வாசலைக் கல் வைத்து அடைக்கும்போது, சூளை அடுக்கியவர் வெளியே வந்து தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் பக்கிரி கடைசிக் கல்லை வைப்பார். ஆள் உள்ளே சிக்கிவிடக்கூடாது என்பதற்காக வைத்த வழக்கம் அது. அவள் இல்லாமல் சூளை மூடாது. நாலரைக்கு மகள் இளமதி ஸ்கூல் விட்டு இங்கேதான் வருவாள், அதற்குள் வெளியே போய்விடலாம்.

அடுக்குகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி ஒடுக்கி நகர்ந்தாள். வாசலை அடைந்தபோது ஒரு கல் அளவு வெளிச்சம்தான் மிச்சம். சுவரைத் தள்ளினாள். இப்போதுதான் பூசிய மண், பல வருஷம் காய்ந்ததுபோல் இறுகிக் கிடந்தது. போனில் டவர் இல்லை.

மில் நின்றது.

"எங்கம்மா அம்புஜம்? கடைசிக் கல்லு குடு."

"அண்ணே! இங்க! உள்ள!"

"இந்தாங்கண்ணே."

அது அவள் குரல். வெளியிலிருந்து.

ஓட்டையில் கண்ணை வைத்தாள். ஒரு கை செங்கல்லை நீட்டியது. அவளுடைய பச்சை வளையல். அவளுடைய தீக்காயத் தழும்பு. தொண்டை கிழியக் கத்தினாள். பக்கிரி திரும்பவே இல்லை.

"அம்மா, போலாமா?"

இளமதி. ஸ்கூல் பையோடு.

"வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்."

இளமதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

கல் உள்ளே வந்தது.