உள்ளிருந்து வரும் பாதை

நேற்றுச் சாயங்காலம் வேலையை விட்ட இடத்தைத் தாண்டிப் பாதை இன்னும் கொஞ்சம் போயிருந்தது.

அதிகமில்லை, ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் கொள்ளும் நீளம். சரிவைச் சீவி, வேர்களை நறுக்கி, மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்தோட வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, மிதித்துக் கெட்டிப்படுத்தி, சும்மா சொல்லக் கூடாது, அத்தனை சுத்தமான வேலை. புது மண்ணின் ஈர வாடை அடங்கவில்லை. வெட்டுப்பட்ட வேர் நுனிகளில் இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது. இது யார் வேலை என்று மேஸ்திரி யோசித்து முடிப்பதற்குள் பின்னால் பேச்சுச் சத்தம் நெருங்கிவிட்டது. நீங்கள் எல்லாரும் போன பிறகு நான்தான் கொஞ்சம் இழுத்துவிட்டேன் என்று வந்தவர்களிடம் சொன்னாள். பொய் சொல்வது இப்போதெல்லாம் அவளுக்குக் கைவந்துவிட்டது.

மேஸ்திரி என்பது தன்னார்வலர்கள் வைத்த பட்டம். மலையில் நடைபாதை போடுவதையும், போட்டதைப் பராமரிப்பதையும், காட்டைக் கெடுக்காமல் காட்டுக்குள் வேலை செய்வதையும் கற்றுக்கொடுப்பது அவள் உத்தியோகம். வங்கியில் உட்கார்ந்தே இடுப்பு பிடித்துப்போனவர்களும், பேனாவைத் தவிர எதையும் தூக்காத ஆசிரியர்களும் விடுமுறை நாட்களில் அவளிடம் வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த வாரம் வந்திருப்பவர்கள் ஒரு படி மேலே, குழுத்தலைவர் பயிற்சிக்கு வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி தையல்காரி. போன மழைக்காலத்தில் இதே மலையில் காணாமல் போன தன்னார்வலனின் அக்கா.

ஏன் வந்தாள் என்பதை அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"தேடினவங்க எல்லாம் களைச்சுப்போய் விட்டுட்டாங்க மேஸ்திரி. காட்டை எப்படிப் பார்க்கணும்னு தெரிஞ்சா நானே தேடிக்குவேன். எனக்குக் கத்துக்குடுங்க, போதும்."

மேஸ்திரி தலையாட்டினாள். அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பிக்காரனை எல்லாரும் நொட்டாங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கைக்காரன். மண்வெட்டியை அவன் வீசினால் வெட்டின தடம் மற்றவர்கள் தடத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். கிண்டலுக்குச் சிரிப்பான், வேலையில் விதி தவற மாட்டான். மண்வெட்டி வீசுகிறவரைக் கடக்க வேண்டுமானால் எட்ட நின்று 'வரேன்' என்று குரல் கொடுக்க வேண்டும், அவர் கருவியை இறக்கி 'வா' என்று சொல்லும்வரை ஓரடி எடுத்து வைக்கக் கூடாது என்பது மேஸ்திரியின் முதல் பாடம். மற்றவர்கள் அவசரத்தில் மறந்துபோவார்கள். அவன் மட்டும் மழையானாலும் வெயிலானாலும் நிற்பான்.

மறுநாள் காலையில் பாதை இன்னும் நீண்டிருந்தது. அவள் குனிந்து வெட்டுத்தடத்தை விரலால் தடவினாள். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

அது போகும் திசையும் சரியில்லை. அவள் முகட்டுப் பக்கமாக மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். பாதையோ ரிப்பனை மதிக்காமல் கீழே ஓடைப்பக்கம் வளைந்தது. சரிவைத் திருத்தி அவள் மேலே திருப்பிவிடுவாள். காலையில் மறுபடி வளைந்திருக்கும். தண்ணீர் வடிய நன்றாக இருக்கிறது, ஓடைப்பக்கமே போகலாமே என்று பயிற்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் சொன்னபோது அவரிடம் எரிந்து விழுந்தாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். கேட்க வேண்டியவளிடம் கேட்காத மன்னிப்பு, யார் யாரிடமோ போய்க்கொண்டிருந்தது.

ஓடைப்பக்கம்தான் பழைய பாதை இருந்தது. மண் சரிகிறது, மூடிவிடுங்கள் என்று போன வருஷம் உத்தரவு வந்தது. மலைப்பாதையை மூடுவது என்றால் வேலி போடுவதல்ல. கெட்டித்தரையைக் கிளறிப் புதர்ச்செடி நட்டு, காய்ந்த கிளைகளின் அடிப்பக்கத்தை மண்ணுக்குள் புதைத்து, தானாக விழுந்து கிடப்பதுபோலப் போட்டு, நடக்கிறவர் கண் அந்தப் பக்கமே திரும்பாதபடி செய்வது. முகப்பை மறைத்தால் போதும். உள்ளே இருப்பதைக் காடு பார்த்துக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் அந்தப் பழைய பாதையை மூடிய அன்று, மறுநாள் வனத்துறை அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடப்பாரையை உள்ளே மரப்பாலத்தருகில் விட்டுவிட்டேன், எடுத்து வருகிறேன் என்று நொட்டாங்கை சொன்னான். போய் வா என்றாள். மற்றவர்களை வண்டியேற்றி அனுப்பிவிட்டுத் தனியாக நின்று மண்வெட்டியை வீசினாள், கிளைகளை நட்டாள். அவன் வருவதற்குள் மூடக் கூடாது என்று தெரியாதவளா அவள்? பத்து வருஷமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் மழை இறங்கிவிட்டது, காலையில் அதிகாரி, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அவன் உள்ளேயிருந்து பார்த்தாலும் பாதை எது, புதர் எது என்று தெரியாதபடி அடைத்துக்கொண்டிருந்தாள். மழைக்குள்ளே ஒரு குரல் கேட்டது.

வரேன்.

கேட்டது. இன்றுவரை அவள் மனசுக்குள்கூட இல்லையென்று சொன்னதில்லை. இந்த ஒரு கிளையை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். முடித்து நிமிர்ந்தபோது மழைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. மேலே ஏறி ரோட்டைப் பிடித்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்தாள். காலையில் தேட வந்தவர்கள் எந்தப் பக்கம் போனான் என்று கேட்டபோது, முகட்டுப் பக்கம் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை. மூடிய பாதைக்கு முன்னால் அவர்கள் எத்தனையோ தடவை நடந்தார்கள். ஒருவர் கண்ணும் திரும்பவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். இந்த வாரம் அவனே எழுந்து உட்கார்ந்து, தூக்கத்தில் யாரை வரவேண்டாம் வரவேண்டாம் என்கிறாய் என்று கேட்டான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவனிடமாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். தினமும் அப்படித்தான் நினைத்தாள்.

கடைசி நாள் பாடம், பாதையை மூடுவது. சொல்லிக்கொடுக்காமல் தப்பிக்க வழியில்லை. தையல்காரி முன்னால் வந்து நின்று, கிளை நடும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பாதையை மூடுவதற்கு முன்னால் உள்ளே ஆள் இல்லை என்று போய்ப் பார்க்க வேண்டியது யார் என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். குழுத்தலைவர் என்றாள் மேஸ்திரி. எல்லாரும் அதை மனதில் வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மற்றவர்கள் கருவிகளைக் கழுவக் கொட்டகைக்கு இறங்கிப் போனார்கள். மூடுபனி மேலேறி வந்தது. பாதையின் முனையைக் கடைசியாக ஒருமுறை முகட்டுப் பக்கம் திருப்பிவிடலாம் என்று மண்வெட்டியோடு நின்ற மேஸ்திரிக்குப் பின்னால் தையல்காரி வந்து நின்றாள். எதிரே, போன வருஷம் அவள் மூடிய முகப்பில், புதர். காய்ந்த கிளைகள். பாதை நேராக அதில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

தையல்காரி குனிந்து வெட்டுத்தடத்தைத் தொட்டாள். பிறகு ஒரு கிளையின் அடியை மண்ணுக்குள் விரல்விட்டுப் பார்த்தாள்.

"எங்க கடையில மறைதையல் போடுவோம். வெளியில தெரியாது, விரல் வெச்சா தெரிஞ்சிடும்" என்றாள். "இதையெல்லாம் நட்டது யாரு மேஸ்திரி?"

நான் என்ற ஒரு சொல். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

"காத்துல விழுந்திருக்கும்."

புதருக்குள்ளே மண்ணை வெட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மூடுபனியில் பூஞ்சை வாடை. அழுகிய இலை வாடை. அப்புறம், மிக அருகில், பொறுமையாக:

"வரேன்."

தையல்காரி அலறவில்லை. அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் மேஸ்திரியால் தாங்க முடியவில்லை.

"என் தம்பி நிக்கிறான். நீங்க சொல்லுங்க. மண்வெட்டி உங்க கையிலதானே இருக்கு."

மேஸ்திரி வாயைத் திறந்தாள். வா என்று சொன்னால் அன்றைக்கும் கேட்டது என்று ஆகிவிடும். வாய் திறந்தபடியே இருந்தது.

தையல்காரி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புதரை நோக்கி நடந்தாள். கிளைகள் உள்பக்கமாக இழுபட்டன. ஒவ்வொன்றாக, அடிமண் உதிர. அவள் குனிந்து உள்ளே போனாள். கிளைகள் திரும்ப வந்தன. ஒவ்வொன்றாக. சேறு படிந்த ஒரு இடது கை அவற்றை நட்டது, மண்ணை அணைத்தது, மேலே சருகு தூவியது. தானாக விழுந்து கிடப்பதுபோல.

கீழே ஓட மேஸ்திரி திரும்பினாள்.

பாதை இல்லை.

வாரம் முழுக்க எல்லாரும் சேர்ந்து வெட்டிய பாதை. அங்கே புதர். செடி. பாசி பிடித்த கிளைகள். கண்ணை எங்கே வைத்தாலும் வழுக்கியது. கொட்டகை எந்தப் பக்கம்? ரோடு? முகடு? அவள் பாதம் நின்ற இடம் மட்டும் வெட்டிச் சீவிய தரை, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்து.

"வரோம்."

முன்னாலிருந்து. பின்னாலிருந்தும்.

இரண்டு குரல். அவசரமில்லாத குரல்கள்.

அவள் மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள். வெறுங்காற்றில் வீசினாள். மறுபடி தூக்கினாள். வீசிக்கொண்டே இருக்கும்வரை யாரும் வர மாட்டார்கள். விதி தவற மாட்டான். தூக்கினாள். வீசினாள். தோள் எரிந்தது. இருட்டு வந்தது. புதருக்குள் இலைகூட அசையவில்லை, நின்றுகொண்டிருந்தார்கள். தூக்கினாள்.

மண்வெட்டி ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது.