வாசல் பக்கத்துப் பெட்டி

பழைய இசைத்தட்டில் இல்லாத ஒரு சத்தம் புதுத் தட்டில் இருந்தது.

மூன்றாவது உருப்படி முடிந்து நான்காவது தொடங்குமுன் வருகிற சின்ன இடைவெளி அது. டிரம்ஸ்காரன் கையை எடுத்துவிட்டான், சாக்ஸபோன்காரன் மூச்சு வாங்குகிறான், அந்த வெறுமையில் 'ணங்' என்று ஏதோ கல்லில் வைக்கிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் தாமதித்து இன்னொரு 'ணங்'. அப்புறம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

"அண்ணே, கேட்டீகளா?" என்றான் சங்கையா.

"எதலே?" என்றார் கருத்தப்பாண்டி, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு.

விருதுநகர் வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை அவர். தம்பி தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்ததால், கப்பல்காரர்கள் கைமாற்றிவிட்டுப் போகும் ஜாஸ் தட்டுகள் அவர் பைக்கு வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பையோடு சிவகாசிக்கு பஸ் ஏறிவிடுவார். சங்கையா லித்தோ அச்சகத்தில் காலண்டருக்குச் சாமி படம் வரைகிறவன். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில் இந்த மாதிரி ஜாஸ் கேட்கிற ஆட்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் போடுகிற சண்டையைப் பார்த்தால் ஒரு சபையே கூடியிருக்கிறது என்று தோன்றும்.

அன்றைய சண்டை மறுபதிப்பைப் பற்றி. நியூயார்க்கில் எங்கோ ஒரு விடுதியில் நாலு பேர் வாசித்தது. முதல் பதிப்பு மோனோ. நாலு பேரும் ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். புதிதாக வந்திருப்பது ஸ்டீரியோ, இரண்டு பெட்டியில் பிரிந்து கேட்பது. அதற்காகவே கருத்தப்பாண்டி தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லி இன்னொரு ஒலிப்பெட்டி செய்து கொண்டுவந்திருந்தார். ஒன்றை வாசல் பக்கம் வைத்தார்கள், மற்றதை அடுப்படி பக்கம். நடுவில் சங்கையாவின் நாற்காலி.

"அட்டையப் பாருலே. நீல மை விலகி நிக்கி. படத்துல வாசிக்கவன் மூக்குக்கு ரெண்டு ஓரம்," என்றார் கருத்தப்பாண்டி. "மறுபதிப்புன்னா இம்புட்டுத்தான். முதப் பதிப்புல இருக்க உசுரு இதுல வராது."

"அச்சு விலகுனா படம் மாறிருமாண்ணே? வாசிச்சவன் அவந்தான?"

"நீ சொல்லத்தான் செய்வ," என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுப்படியில் அய்யம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

அய்யம்மாள் சங்கையாவின் இரண்டாவது மனைவி. முதல் மனைவி வெள்ளைத்தாயின் கூடப்பிறந்த தங்கை. அதே மூக்கு, அதே குரல் என்று சொந்தபந்தம் எல்லாம் சொல்லிச் சொல்லித்தான் இந்த ஆவணியில் கட்டிவைத்தார்கள். மாமனார் சோணைமுத்து கேட்டது ஒன்றே ஒன்று. "மூத்தவள பயராபீசுக்குக் குடுத்துட்டேன் மாப்பிள்ள. இவளயாவது அந்தப் பக்கம் விட்றாதீக." சங்கையா சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். அய்யம்மாள் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக் கூடு ஒட்டுவாள். அவள் கையிலும் காலிலும் எப்போதும் பசைதான் ஒட்டியிருக்கும்.

வெள்ளைத்தாய் பயராபீசில், அதாவது பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறையில் இருந்தவள். அந்த அறைக்குள் போக ஒரு முறை உண்டு. உலோகம் உரசிப் பொறி பறக்கக் கூடாது என்று வளையல், மெட்டி எல்லாம் கழற்றி வெளியே வைக்க வேண்டும். காலில் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கில் பாதத்தைத் தேய்த்துவிட்டுத்தான் படி தாண்ட வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அவளுக்கு அதே முறைதான். அடுப்பு எரிகிற வீட்டில் மருந்துக் காலை வைக்கலாமா என்பாள். வாசல் கல்லில் மெட்டியைக் கழற்றி வைப்பாள். இடது கால் மெட்டி இறுக்கம், அதனால் இரண்டாவது சத்தம் கொஞ்சம் தாமதித்து வரும். செம்புத் தண்ணீர். ஈரச் சாக்கில் மூன்று தேய்ப்பு. அலுமினியப் பொடி அப்படியும் முழுதாகப் போகாது. பாதம் வெள்ளியாக மினுங்கும். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "அடுத்த பக்கத்தப் போடுங்க," என்பாள். ஊரே காது பொத்திய அந்தச் சங்கீதத்தை அவள் ஒருத்திதான் முழுசாகக் கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளி சீசனில் அந்த அறை வெடித்து, அவளோடு போய்விட்டது. பாயில் சுற்றிக் கொடுத்ததைச் சங்கையா பிரித்துப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. மறுநாள் அச்சகத்துக்குப் போய் ஒரு முருகனுக்கு வேல் வரைந்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து மரத்துப்போன உடம்புதான். பல்லவி திரும்பி வந்து நிற்கிற பாட்டெல்லாம் அவனுக்குப் பொய்யாகப் பட்டது. இந்த ஜாஸ் எதையும் திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை. அதனால் அதை மட்டும் கேட்டான்.

கருத்தப்பாண்டி முள்ளை மறுபடி அந்த இடத்தில் வைத்தார். 'ணங்'. சற்றுப் பொறுத்து, 'ணங்'. தண்ணீர். எல்லாம் வாசல் பக்கத்துப் பெட்டியிலிருந்து.

"கிளாசு வைக்கிற சத்தம்லே. அங்கன விடுதியில வச்சில்ல வாசிச்சிருக்கான். எவனோ ஊத்திக் குடிக்கான்."

பழைய தட்டை எடுத்துப் போட்டார்கள். அதே இடத்தில் வெறும் இரைச்சல்.

"அது வெள்ளத்தாயிண்ணே," என்றான் சங்கையா. யாரோ கதவைத் தட்டினால் இன்னார் என்று சொல்வது போலத்தான் சொன்னான்.

கருத்தப்பாண்டி வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். போகும்போது அவன் தோளைத் தொட்டு, "அந்த வாசப் பொட்டிய கழட்டிப் போட்டுருலே. பழசு மாதிரி ஒத்தப் பொட்டியில கேளு. நாஞ் சொல்றதக் கேளு," என்றார். சரி என்று தலையாட்டினான்.

கழற்றவில்லை. அந்தச் சத்தம் கேட்டபோது அவன் முன்கையில் மயிர் சிலிர்த்திருந்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் கை எதையாவது உணர்ந்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே மறுநாளும் போட்டான், அதற்கு மறுநாளும் போட்டான்.

ஒவ்வொரு தடவையும் மெட்டி, மெட்டி, தண்ணீர். அதோடு நின்றுவிடும். ஆனால் அடுத்த உருப்படி தொடங்க நேரமாகிக்கொண்டே போனது. முள் வரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. வாசல் படிக்கு வெளியே ஒருத்தி ஈரக் காலோடு நின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு அமைதி. எதற்காக நிற்கிறாள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அச்சகத்தில் ஒரு லட்சுமியின் பாதத்துக்கு வர்ணம் வைக்கும்போது அவனுக்கு விளங்கியது. சாக்கு இல்லை. சாக்கில் தேய்க்காமல் அவள் படி தாண்ட மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைச் சுவரில் இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த சாக்கை எடுத்தான். பலகை மாதிரி விறைத்திருந்தது. தொட்டித் தண்ணீரில் முக்கியதும் வெடிமருந்து வாசனை குப்பென்று எழுந்தது. வாசல் படியில் விரித்தான்.

"அக்கா போட்டிருந்த சாக்குல்ல இது?" என்றாள் அய்யம்மாள், கையில் பசைக் கிண்ணத்தோடு.

"தூசி வருதுன்னு போட்டேன்."

"எடுத்துருங்க மச்சான். அந்த வாசனை எனக்கு ஆகல. வயித்தப் பெரட்டுது."

"எடுத்துர்றேன்."

அவள் நம்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவன் தட்டை எடுத்துத் துடைத்தான்.

கார்த்திகை மாதத்துத் தூறல். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆலை வேன் ஒன்று பெண்களை இறக்கிவிட்டுத் தெருமுனையில் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. கரண்டு குறைவாக வந்ததால் பல்பு பழுத்த மஞ்சளாக எரிந்தது. ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் சூடேறி, அவற்றின் மேல் படிந்த தூசி கருகும் வாசனையும், அடுப்படியிலிருந்து குழம்பு தாளிக்கிற வாசனையும், வாசலிலிருந்து நனைந்த சணலும் கந்தகமும் கலந்து வந்த வாசனையும் நாற்காலியைச் சுற்றி நின்றன. சாக்ஸபோன் கத்தியது, இழுத்தது, பிள்ளை அழுது ஏங்குவது போல விட்டு விட்டு அடங்கியது. மூன்றாவது உருப்படி முடிந்தது.

'ணங்'.

பெட்டியிலிருந்து வரவில்லை. வாசல் கல்லிலிருந்து வந்தது.

'ணங்'.

தண்ணீர். தெளிவாக, செம்பிலிருந்து. கீழே வடிந்து ஓடுகிற வரைக்கும்.

சங்கையா திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

சரக். சரக். சரக்.

சாக்கில் மூன்று.

பிறகு தரையில் ஈரக் கால். ஒவ்வொரு அடியாக. வாசல் பக்கத்துப் பெட்டி. நாற்காலிக்கு முன்னால். ஒரு குளிர்ச்சி முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. அடுப்படிப் பக்கத்துப் பெட்டி.

அடுப்படி.

கரண்டி சத்தம் நின்றது.

"அய்யம்மா," என்றான். அது தன் குரல்தானா என்று தெரியவில்லை. எழுந்து முள்ளைத் தூக்கினான். ஸ்விட்சை அணைத்தான். வால்வுகளின் சிவப்பு மெல்ல வடிந்து கறுத்தது. தட்டு நின்றது. தரையைப் பார்த்தான். ஈரப் பாதங்கள், வெள்ளியாக மினுங்கியபடி வாசலிலிருந்து உள்ளே போயிருந்தன. திரும்பி வரவில்லை.

வாசல் கல்லில் இரண்டு மெட்டிகள் இருந்தன. வெள்ளைத்தாயின் மெட்டிகள் தகரப் பெட்டிக்குள் பூட்டியிருந்தன. இவை புதுசு. ஆவணியில் அய்யம்மாள் காலை அம்மியில் தூக்கி வைத்து அவனே போட்டுவிட்டவை.

அடுப்படியிலிருந்து அய்யம்மாள் வந்தாள். குழம்பு தீய்கிற நாற்றம் அவள் பின்னாலேயே வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அதே முகம், அதே பசை காய்ந்த கைவிரல்கள். புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். கணுக்கால் வரை வெள்ளி. மெட்டி இல்லாத வெறும் கால்விரல்கள். இந்த வீட்டில் ஜாஸ் போட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறவள், சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"அடுத்த பக்கத்தப் போடுங்க," என்றாள்.

அணைந்து கிடந்த வாசல் பக்கத்துப் பெட்டிக்குள் ஏதோ அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ ஈரக் காலால் தேய்த்தார்கள். தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு குரல் வந்தது. வெகு தூரத்திலிருந்து, தட்டின் இரைச்சலுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி.

"மச்சான்... மச்சான், இங்கன இருட்டா இருக்கு... மச்சான்..."

பயமாக இருந்தது. அழ வேண்டும் என்று இருந்தது. ஆனால் கை மரத்துக் கிடந்தது. எத்தனையோ சாயங்காலம் 'அடுத்த பக்கத்தப் போடுங்க' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பழகிய கை. அது தானாகப் போய் ஸ்விட்சைப் போட்டது. தட்டை எடுத்து அடுத்த பக்கம் திருப்பி வைத்தது. முள்ளை இறக்கியது.

பெட்டிக்குள் அய்யம்மாளின் குரல் பாதியில் முறிந்து, டிரம்ஸ் தொடங்கியது. சுவரோரம் வெள்ளிப் பாதம் ஒன்று தாளம் போட்டது.