இடைவேளை இல்லாத படம்

இந்தக் காலத்தில் தப்பு செய்தவன் எவனும் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்வதில்லை. படம் போடுகிறான். அடுத்தவன் வேலியைப் பிடுங்கினவன் படம் போடுகிறான். மாமியாரை வீட்டைவிட்டுத் துரத்தினவள் படம் போடுகிறாள். ஊர்ச்சனம் போய் உட்கார்ந்து பார்த்து, மூக்கைச் சிந்தி, "பாவம், அவங்களுக்கும் என்னென்ன கஷ்டமோ" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வருகிறது. பிடுங்கின வேலி பிடுங்கினபடியே கிடக்கிறது.

சிகாமணிக்கு இந்தக் கூத்து அறவே பிடிக்காது. ஆனாலும் அன்றைக்கு மதியக் காட்சிக்கு நெய்தல்பட்டு நீதித் திரையரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லை. வழக்குப் போட்டவரே அவர்தான்.

கிணற்றுத் தெருவின் குடிதண்ணீர்க் கிணறு உப்பாகிவிட்டது. ஊருக்குக் கீழ்ப்பக்கம் கபிலன் இறால் பண்ணை போட்டிருந்தான். உப்பங்கழியிலிருந்து மதகைத் திறந்து குட்டை குட்டையாக உப்புத் தண்ணீரைத் தேக்கினான். அது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மதகை மூடு, மழை பெய்து மண்ணைக் கழுவட்டும், கிணறு பிழைத்துக்கொள்ளும். சிகாமணி கேட்டது அவ்வளவுதான். இன்று தோற்றால் மறுபடி கேட்க முடியாது. ஒரு குற்றத்துக்கு ஒரு படம்தான், அது சட்டம்.

எல்லாம் சினிமாவிலிருந்து வந்த வினை. முன்பெல்லாம் படத்தில் வில்லன் வருவான், அடி வாங்குவான், போவான். பிறகு வில்லனுக்கென்று தனிப்படம் எடுத்தார்கள். அவன் ஏன் கெட்டவன் ஆனான், சின்ன வயதில் அவனை யார் அடித்தார்கள், அவன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது என்று. சனம் கதாநாயகனை விட்டுவிட்டு வில்லனுக்குக் கைதட்டியது. அப்புறம் இந்தப் படத்து ஆள் அந்தப் படத்தில் வந்தான், அந்தப் படத்துச் சண்டை இந்தப் படத்தில் முடிந்தது. எல்லாப் படமும் சேர்ந்து ஒரே உலகம், கூட்டுலகம் என்றார்கள். ஒன்றைப் புரிந்துகொள்ள ஒன்பதைப் பார்க்க வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முன்கதைப்பொறி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தலையில் ஒரு தொப்பியை மாட்டினால் போதும், அவன் ஞாபகத்தைத் தோண்டி எடுத்து அவனை வைத்தே ஒரு தனிப்படம் வார்த்துவிடும். நீதிமன்றத்தில் வழக்குகள் மலையாகக் கிடந்தன. யாரோ படித்தவனுக்கு யோசனை வந்தது. குற்றவாளியின் படத்தை ஊருக்குப் போட்டுக் காட்டு. பார்ப்பவன் கையில் பரிவுமானியைக் கட்டு. நாடி, வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் அது அளக்கும். கடைசியில் ஊரின் பரிவு அறுபதைத் தாண்டினால் மன்னிப்பு. தாண்டாவிட்டால் வழக்காளி கேட்டது கிடைக்கும்.

நெய்தல்பட்டில் இதுவரை அறுபதைத் தாண்டாத படம் இல்லை.

"கையை நீட்டுங்க ஐயா" என்றாள் பரிவு அலுவலர் நிலோஃபர். சின்னப் பெண், பாவம், உத்தியோகம்.

"இது என் ரத்தத்தை உறிஞ்சுமா?"

"உறிஞ்சாது. மனசை மட்டும்தான் பாக்கும்."

"அதத்தான் கேட்டன்."

அவள் சிரித்துக்கொண்டே பரிவுமானிப் பட்டையை இறுக்கினாள். "படம் முடியற வரைக்கும் வழக்காளி எழுந்திருக்கக் கூடாது. எழுந்து வெளிய போனா வழக்கை வாபஸ் வாங்கினதா அர்த்தம். ஞாபகம் இருக்கட்டும்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"மூணு மணி நேரம்."

சிகாமணிக்குச் சர்க்கரை வியாதி. பெருமூச்சு விட்டார்.

அரங்கம் நிறைந்திருந்தது. கிணற்றுத் தெருக்காரர்கள் மூலையில் கொஞ்சம் பேர். மற்றதெல்லாம் மேலத்தெருவும் கடைத்தெருவும். அவர்கள் கேன் தண்ணீர் குடிப்பவர்கள். உப்பு என்று கேள்விப்பட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கபிலன் வெள்ளைச் சட்டையில் எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தான். நல்ல உயரம், நல்ல சிரிப்பு.

படம் ஆரம்பித்தது. நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. புயலில் கூரை பறக்கிறது. அப்பன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. சின்னப் பையன் கபிலன் பசியோடு தெருத்தெருவாக நடக்கிறான். ரேஷன் கடைக்காரன் விரட்டுகிறான். அந்த ரேஷன் கடைக்காரன் போன மாதம் வேறு வழக்குப் படத்தில் வந்தவன். அவன் முகத்தைப் பார்த்ததும் விசில் பறந்தது. படகு திருடின வழக்கில் வந்த பெண் ஓரமாக நடந்து போனாள். அதற்கொரு விசில்.

"சித்தப்பா, அவதான் அந்தப் படகுக்காரி!" என்றாள் பின்வரிசையில் இருந்த ரம்யா. கிணற்றுத் தெருவில் அடுத்த வீட்டுக்காரி, நன்றாகப் போராடுபவள், ஆனால் சினிமா என்றால் எல்லாம் மறந்துவிடும்.

"நீ நம்ம பக்கமா, படகுக்காரி பக்கமா?"

"படத்தைப் பாரு சித்தப்பா."

பார்த்தார். திரையில் ஒரு கதவு திறந்தது. பசியோடு நின்ற பையனுக்கு ஒரு பெண் கஞ்சி ஊற்றினாள். கூடவே சுட்ட கருவாடு. "மெதுவா குடிடா, ஓடிப்போற மாதிரி குடிக்கிற" என்றாள்.

அமிர்தவல்லி. சிகாமணியின் மனைவி. செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது.

அதே குரல். அதே மாதிரி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள். சிகாமணிக்குக் கண் தானாகக் கொட்டியது. கையிலிருந்த பட்டை சூடாகி, திரைக்குப் பக்கத்தில் ஊரின் பரிவைக் காட்டும் பெரிய முள் சரசரவென்று ஏறியது. எழுபதைத் தாண்டியது. அரங்கமே அழுதது. வழக்காளியே அழுகிறானே என்று இன்னும் அழுதது.

அவள் ஊற்றியிருப்பாள். ஊற்றாமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? கூட்டுலகத்தில் ஊரார் ஞாபகமெல்லாம் கிடக்கிறது, வேண்டியதை எடுத்து வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பொறி. அப்படியே ஊற்றியிருந்தாலும்தான் என்ன? கஞ்சி ஊற்றினவள் வீட்டுக் கிணற்றிலேயே உப்பைக் கலந்தவன்தானே இவன்? கண் அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும், அவர் விடப்போவதில்லை.

ஆனால் உடம்பு விடவில்லை. பாதிப் படத்தில் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தொடை மேல் இன்னொரு தொடையைப் போட்டுப் பார்த்தார். பல்லைக் கடித்தார். எழுந்தால் வழக்குப் போச்சு. எழாவிட்டால் மானம் போச்சு.

"ஏம்மா!" என்று கத்தினார். "இடைவேளை எப்ப?"

நிலோஃபர் ஓடி வந்தாள். "சத்தம் போடாதீங்க ஐயா. இதுக்கு இடைவேளை கெடையாது."

"என்னா, கெடையாதா?"

"பொறி வெளிநாட்டுல செஞ்சது. அங்க இடைவேளை விடற பழக்கம் இல்லையாம். நடுவுல நிறுத்தினா பரிவு அறுந்துடும்."

"பரிவு அறுந்தா அறுவட்டும். எனக்கு வேற ஒண்ணு அறுந்துடும் போல இருக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "இடைவேளை இல்லாம என்னாங்க படம்?" என்றார். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, "நானும் அப்பத்துலேந்து அடக்கிக்கிட்டு இருக்கன்" என்றாள். அவ்வளவுதான். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிவிட்டால் அப்புறம் அடக்க முடியுமா? மாடியிலிருந்து விசில். தரையில் காலைத் தட்டினார்கள். "இடைவேளை! இடைவேளை!"

எரிச்சலில் முள் இறங்க ஆரம்பித்தது. எழுபது, அறுபத்தெட்டு, அறுபத்தாறு.

கபிலன் முள்ளைப் பார்த்தான். பிறகு எழுந்து கையை உயர்த்தினான். படத்தில் அவன் எப்படி நின்றானோ அப்படியே நின்றான்.

"பெரியப்பா போயிட்டு வரட்டும்! அவர் வழக்கு அப்படியே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல!" என்றான். "எதிரியா இருந்தாலும் அவரும் மனுசன்தானே? படம் முடிஞ்சதும் எல்லாருக்கும் டீயும் வடையும் குடுக்கலாம்னு வெளிய போட்டு வச்சிருக்கேன். இப்பவே சாப்பிட்டு வாங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முள் எகிறி எழுபத்தைந்தில் நின்றது. எதிராளியே சம்மதித்த பிறகு நிலோஃபர் என்ன செய்வாள்? நிறுத்தினாள்.

சிகாமணி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடினதை யாரும் பார்த்ததில்லை.

அவர் நிம்மதியாகத் திரும்பி வந்தபோது ஊரே திரையரங்கு வாசலில் கூடியிருந்தது. ஆளாளுக்குக் கையில் காகிதக் குவளை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலத்தெரு வாத்தியார் தூ என்று துப்பினார்.

"என்னய்யா இது, கடலைக் காய்ச்சி ஊத்தியிருக்கீங்களா?"

டீ போட்டவர்கள் வெளியூர்ச் சமையல்காரர்கள். கபிலன் கேன் தண்ணீர்தான் சொல்லியிருந்தான். ஆனால் அண்டா பெரியது, கேன் கடைத்தெருவில், கிணற்றுத் தெருக் கிணறு திரையரங்கின் பின்னாலேயே இருந்தது. இறைத்து ஊற்றிவிட்டார்கள். சர்க்கரையை அள்ளிப் போட்டும் உப்பு அடங்கவில்லை. பால் திரிந்து திட்டுத் திட்டாக மிதந்தது.

"பக்கத்துக் கெணத்துத் தண்ணிதாங்க" என்றான் சமையல்காரன் பயந்துபோய். "நல்ல கெணறுன்னு நெனச்சோம்."

"நல்ல கெணறுதான்" என்றாள் ரம்யா. படகுக்காரியெல்லாம் அவளுக்கு மறந்து போயிருந்தது. "இதத்தான் நாங்க ரெண்டு வருசமாக் குடிக்கிறோம். இதுலதான் சோறு வடிக்கிறோம். புள்ளைக்கு மருந்து கரைக்கிறதும் இதுலதான்."

அவள் அண்டாவிலிருந்து ஒரு குவளை மொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கபிலன் முன்னால் நீட்டினாள்.

"நீயும் குடி தம்பி. ஒன் டீதானே?"

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். கபிலன் சிரித்தான். வாங்கினான். ஒரு வாய் உறிஞ்சினான். விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னம் உப்பியபடி நின்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை அவனுக்காக யாரும் அழவில்லை.

மறுபடி படம் ஓடியது. அதே இசை, அதே மழை, இளம் கபிலன் சுடுகாட்டில் முழங்கால் போட்டு அழுதான். அரங்கில் காறுவதும் இருமுவதும்தான் கேட்டது. நாக்கில் உப்பு ஒட்டியிருந்தது. "தண்ணி இருக்கா? நல்ல தண்ணி?" என்று ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்டார். முள் ஐம்பதுக்கு இறங்கியது. முப்பதுக்கு இறங்கியது. கடைசிக் காட்சியில் வில்லன் வானத்தைப் பார்த்து "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான். மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீயைக் குடிச்சுப் பாருடா!"

பன்னிரண்டில் முள் நின்றது.

நெய்தல்பட்டு அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. கிணற்றுத் தெருக்காரர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். மேலத்தெருக்காரர்கள் ஓடி வந்து சிகாமணியைத் தூக்கினார்கள். "மதகு மூடப்படும்" என்று நிலோஃபர் ஒலிபெருக்கியில் அறிவித்தாள். ரம்யா சிகாமணியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். சிகாமணியும் சிரித்தார். பல வருஷம் கழித்து வாய்விட்டு, தோள்மேல் ஆடிக்கொண்டே சிரித்தார்.

"எறக்கி வுடுங்கடா, கீழ போட்டுடாதீங்க!"

இறக்கிவிட்டார்கள். ஆனால் யாரும் வெளியே போகவில்லை. எல்லாரும் திரும்பவும் உட்கார்ந்தார்கள். பெயர்கள் ஓடி முடிந்ததும் பின்துணுக்கு ஒன்று வரும், அதைப் பார்க்காமல் எவனும் எழுந்திருப்பதில்லை. கூட்டத்தின் சந்தோஷத்தைப் பட்டைகள் வழியாகக் குடித்துப் பொறி அங்கேயே, அப்போதே வார்த்தது.

திரையில் சிகாமணி வந்தார். அரைவாசி வயது, இரண்டு மடங்கு உயரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி, ஒற்றைக் கையால் மதகை இழுத்து மூடினார். இடி இடித்தது. அரங்கில் காகிதம் பறந்தது.

"ஐயா, உங்களுக்குத் தொண்ணூத்தாறு!" நிலோஃபர் ஓடி வந்தாள். "மாவட்டத்துலயே இல்ல! இனிமே உங்க மேல யார் என்ன வழக்குப் போட்டாலும் நிக்காது."

"சித்தப்பா, இனி நீ என்னா செஞ்சாலும் ஒன்னக் கேக்க ஆளு கெடையாது!" என்று ரம்யா குதித்தாள். வாழ்த்தாகத்தான் சொன்னாள்.

சிகாமணியின் சிரிப்பு நின்றது.

கபிலன் பக்கத்தில் வந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்திருந்தான், முகம் தெளிந்திருந்தது. "பெரியப்பா, அடுத்த பாகத்துல நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம். கூட்டுலகத்துல அப்பிடித்தான் வரும். தோத்த வில்லன் கதாநாயகனோட சேர்ந்துக்குவான். பெரியம்மாவுக்கும் பெரிய வேசம் வைக்கச் சொல்றேன்."

"யாரை எதுத்து?"

"அது இன்னும் முடிவாகல. எவனாவது கெடைப்பான்."

சிகாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மதகு என்னாச்சு?"

"அதான் மூடியாச்சே!" பத்துப் பேர் சேர்ந்து திரையைக் காட்டினார்கள்.

"அதச் சொல்லல. ஷட்டர் கைப்பிடி எங்க வச்சிருக்க?"

கபிலன் விழித்தான். "ஜீப்புல கெடக்கும். காலையில ஆள் அனுப்பிப் பாத்துக்கலாம் பெரியப்பா. இப்ப உட்காருங்க, ஒங்க படம் ஓடுது."

சிகாமணி கையிலிருந்த பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். வெளியே போய் ஜீப்பின் பின்பக்கத்தைக் கிளறினார். துருப்பிடித்த இரும்புக் கைப்பிடி, நல்ல கனம். தோளில் போட்டுக்கொண்டார்.

"சித்தப்பா, எங்க போற? முடியலையே!" ரம்யா கதவிலிருந்து கூப்பிட்டாள்.

"நீங்க பாருங்க" என்றார். "நான் போய் மூடிட்டு வரன்."

உப்பங்கழிப் பக்கமிருந்து தண்ணீர் பண்ணைக்குள் போகும் சத்தம் அங்கேயே கேட்டது. அரங்கத்துக்குள் "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று கூச்சல் எழுந்தது. மறுபடியும் இடி இடித்தது. உள்ளே அவர் இரண்டாவது தரமாக மதகை மூடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. சிகாமணி திரும்பிப் பார்க்காமல் பண்ணைப் பாதையில் இறங்கி நடந்தார்.