டேப்லெட்டில் பதில் எழுதியது யார்?

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

எதிர்முனையில் மேடம் சியூ எடுக்கவில்லை!

புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் மிஸி ரொஹானா எரிந்த கண்களைக் கசக்கிக்கொண்டாள். கீமோ நோயாளிகள் தினமும் வீட்டிலிருந்தே தங்கள் உபாதைகளை மருத்துவமனை தந்த டேப்லெட்டில் பதிவு செய்வார்கள். அவற்றைப் படிப்பது அவள் வேலை.

அவள் கணினித் திரையில் மேடம் சியூவின் பெயர் சிவப்பில் துடித்தது.

'விழுங்க முடியவில்லை. குரல் போய்விட்டது. எச்சிலில் ரத்தம்.'

மார்பகப் புற்றுநோய்க்காரிக்குத் தொண்டையில் ரத்தமா? யாராவது எதையாவது கலந்து...

தம்பியை அழைத்தாள். போலீஸ் சார்ஜென்ட் ஹம்டான்.

"சாப்பிடக்கூட விடமாட்டியாக்கா?"

"அங்க ஒரு உயிர் போயிட்டிருக்குடா! வண்டிய எடு!"

ஈப்போ நகரின் கோடியில் அந்த வீடு. ஹம்டான் கதவை உடைக்கப் போனான்.

திறந்தது!

மேடம் சியூ. உள்ளே டிவி அலறல். வாய் நிறைய கொய்த்தியாவ் நூடுல்ஸ்!

"என்ன மிஸி, போலீஸோட?"

"விழுங்க முடியலன்னு எழுதினீங்களே ஆன்ட்டி!"

"நானா? அந்த டேப்லெட்ட பஸ் ஸ்டாண்டுலயே எவனோ அடிச்சிட்டுப் போயிட்டானே! போன கீமோ அன்னிக்கு."

"ஏன் சொல்லல?"

"திட்டுவீங்களே..."

திட்டக்கூட ரொஹானாவிடம் தெம்பில்லை.

"அப்ப தெனமும் எழுதறது..?"

"திருடன்தான்! உன்னை வச்சு வெளையாடறான்," சிரித்தான் ஹம்டான்.

அவள் சிரிக்கவில்லை. டேப்லெட்டில் முதலில் வந்தது களைப்பு. பிறகு இளைப்பு. இப்போது ரத்தம்... விளையாட்டு நாளுக்கு நாள் முற்றுமா?

டேப்லெட்டுக்குச் செய்தி அனுப்பினாள். 'நாளைக் காலை மருத்துவமனைக்கு நேரில் வரவும். தொண்டையைப் பார்க்க வேண்டும்.'

"வருவானாக்கா?"

"வலிச்சா வருவான்."

வந்தான்!

எலும்பும் தோலுமாக ஒருவன். கழுத்தில் துண்டு. மார்போடு அணைத்த டேப்லெட்.

ஹம்டான் பாய்ந்து சட்டையைப் பிடித்தான். அவன் திமிறவில்லை.

"விக்கத்தான் எடுத்தேன் சார்..." காற்றாக வந்தது குரல். "காலையில எந்திரிச்சா, 'இன்னிக்கு எப்படி இருக்கீங்க'ன்னு கேக்குது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல... சொல்லிட்டேன்."

ரொஹானா துண்டை விலக்கினாள்.

எலுமிச்சை அளவுக்குக் கட்டி!

ஹம்டான் கைவிலங்கை எடுத்தான்.

"கேஸ் முடிஞ்சுதுக்கா!"

"உனக்கு முடிஞ்சுது... எனக்கு இப்பத்தான் ஆரம்பம்," பெருமூச்சோடு ஊசியைப் பிரித்தாள் ரொஹானா. "விலங்க இடது கையில மாட்டுடா... வலது கையில நான் ரத்தம் எடுக்கணும்!"